அக்காவோட கணக்கு நோட்டு

அப்பா காரியமெல்லாம் முடிஞ்ச மறுநாள் அக்கா ஒரு நீள நோட்டைக் கொண்டு வந்து கூடத்துல வெச்சா. யாரும் கேக்கல, அவளாத்தான் வெச்சா. அட்டை கழண்டு போய் செலோடேப் போட்டு ஒட்டியிருந்த நோட்டு. உள்ள 6 வருஷக் கணக்கு. 2017ல அப்பாவுக்கு பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலருந்து டிஸ்சார்ஜ் ஆன அன்னிக்கு ஆரம்பிச்சு 2023ல அப்பாவோட கடைசி வாரம் வரைக்கும் ஒரு நாள் விடாம எழுதியிருக்கா. டயப்பர் பாக்கெட், யூரின் ட்யூப் மாத்துனது, ஏர் பெட் மோட்டார் ரிப்பேர், பிசியோ வந்த நாள், புண்ணுக்குப் போடுற மருந்து, காட்டன், ஏஜென்சிக்குக் கட்டுன கமிஷன், அப்பாவைப் பாத்துக்க வந்த அட்டெண்டர் சம்பளம் எல்லாம். அட்டெண்டர் லீவு போட்ட நாளுக்கு மட்டும் ரூபா எதுவும் இல்ல, அந்த இடத்துல 'நான்'னு ஒரே ஒரு வார்த்தை.

நான் நோட்டை சும்மா புரட்டிட்டே போனேன். முதல் வருஷத்துல மாசத்துக்கு ரெண்டு மூணு 'நான்' இருக்கு. மூணாவது வருஷத்துல ஞாயித்துக்கிழமை எல்லாம் 'நான்'. கடைசி ஒன்றரை வருஷத்துல அட்டெண்டர் சம்பளம்ங்கிற வரியே இல்ல, பக்கம் பூரா 'நான்', 'நான்', 'நான்'.

சொத்து பத்தி எங்க வீட்ல பேசாம இல்லங்க. நிறையவே பேசியிருக்கோம். எந்த வீடு யாருக்கு, நகை எப்படி, எந்தப் பத்திரம் எந்த பீரோவுல இருக்கு எல்லாம் அப்பா நல்லா இருக்கும்போதே தெரியும். பேசாம விட்டது ஒண்ணே ஒண்ணுதான், அப்பா படுத்துட்டா அந்தச் செலவு எந்தக் காசுல நடக்கும், யார் பக்கத்துல இருப்பாங்கங்கிறது. அதைப் பேசுனா ஏதோ அபசகுனம் மாதிரி எல்லாரும் நினைச்சுக்கிட்டோம்னு நினைக்கிறேன். இப்ப யோசிச்சா இந்த ரெண்டும் ஒரே கணக்குதான், பத்திரத்தோட முதல் பக்கத்துல இருக்க வேண்டிய விஷயம் அது.

அப்பா 2014ல பெரிய வீட்டை அண்ணன் பேருக்கு செட்டில்மென்ட் எழுதிட்டார். அப்ப அவருக்கு 68 வயசு, நல்லா நடமாடிட்டு இருந்தார், உயிர் இருக்கும்போதே எழுதி வெச்சிட்டா பின்னாடி சண்டை வராதுன்னு யாரோ சொன்னதைக் கேட்டுட்டார். பத்திர எழுத்தர் வழக்கமா போடுற வாசகத்தையே போட்டுட்டார், 'உன் மேல் எனக்குள்ள அன்பினாலும் பாசத்தினாலும்' அப்படின்னு. கீழ சொத்து விவரம், நான்கு எல்லை, கையெழுத்து. என்னைக் கடைசி வரைக்கும் பாத்துக்கணும்னு ஒரு வரி இல்ல. என் ஆயுள் வரைக்கும் இந்த வீட்ல நான் குடியிருப்பேன்னு ஒரு வரி இல்ல. அந்த ஆயுள் உரிமை வரியை எழுத அஞ்சு நிமிஷம் கூட ஆகாது, பைசா செலவும் இல்ல. எழுதுறவருக்கும் தோணல, அப்பாவுக்கும் தோணல, சாட்சிக் கையெழுத்து போட்ட எனக்கும் தோணல. ஆமா, சாட்சி நான்தான்.

உயிலுக்கும் செட்டில்மென்டுக்கும் உள்ள வித்தியாசம் நிறைய பேருக்கு இன்னும் சரியா தெரியல, எனக்கும் அப்ப தெரியாது. உயில் எழுதுனவர் கண்ணை மூடுற வரைக்கும் அது வெறும் காகிதம், நாளைக்கே கிழிச்சுப் போடலாம், வேற எழுதலாம், கடைசியா எழுதுனதுதான் செல்லும். செட்டில்மென்ட் அப்படி இல்ல, ரிஜிஸ்டர் பண்ணி பிள்ளை ஏத்துக்கிட்ட நிமிஷமே சொத்து கை மாறிடுது, அப்புறம் மனசு மாறுச்சுன்னு நீங்களா போய் ரத்து பண்ண முடியாது. குடும்பத்துக்குள்ளன்னா ஸ்டாம்ப் டியூட்டி கம்மி, அதனால ஜனங்க ஏதோ சலுகை விலைல கிடைக்கிற மாதிரி எழுதிட்டு வந்துடுறாங்க.

2020ல அண்ணன் செலவுல பங்கு தர்றதை நிறுத்துனப்போ நானும் அக்காவும் ஒரு வக்கீலைப் பாத்தோம். (அண்ணனை வில்லனா எழுத எனக்கு இஷ்டமில்ல. தொழில்ல அடி வாங்குன நேரம் அது. அவன் பக்கத்துக் கதையை அவன் சொன்னா வேற மாதிரி இருக்கும்.) பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம்னு 2007ல வந்தது ஒண்ணு இருக்கு, அதுல 23ஆவது பிரிவுன்னு வக்கீல் விளக்குனார். 60 வயசுக்கு மேல இருக்கிறவங்க, என்னைப் பாத்துக்கணும்ங்கிற நிபந்தனையோட சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்குனவர் பாக்கலைன்னா, அந்தப் பத்திரத்தையே செல்லாதுன்னு அறிவிக்கச் சொல்லி ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) தலைமையில இருக்கிற தீர்ப்பாயத்துல மனு போடலாம். வக்கீல் வெச்சு வாதாடவே தேவையில்ல, சட்டமே வக்கீல் வேணாம்னுதான் சொல்லுது. மாசாமாசம் ஜீவனாம்சமும் கேக்கலாம், ஆனா அதுக்கு சட்டத்துல உச்சவரம்பு 10,000 ரூபாய். ஒரு முழுநேர அட்டெண்டர் வெச்சுப் பாத்தவங்களுக்கு அந்தத் தொகையைக் கேட்டதும் என்ன தோணும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

சிக்கல் அந்த 'நிபந்தனையோட'ங்கிற இடத்துலதான். எங்க பத்திரத்துல அன்பும் பாசமும் மட்டும்தானே இருக்கு. அந்த நிபந்தனை இருந்தாத்தான் 23ஆவது பிரிவு வேலை செய்யும்னு 2022 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டே ஒரு வழக்குல சொல்லிச்சு. அப்புறம் 2025 ஜனவரில இன்னொரு வழக்குல, இது முதியவங்களைக் காப்பாத்த வந்த சட்டம், தாராளமா அர்த்தம் பண்ணணும்னு சொன்னாங்க. அதே வருஷம் மார்ச்சுல சென்னை ஹைகோர்ட், அன்பு பாசத்துக்காக எழுதிக் கொடுத்தாலே பாத்துக்கணும்ங்கிறது அதுக்குள்ளயே மறைஞ்சிருக்கிற நிபந்தனைதான்னு சொல்லிச்சு. நல்ல தீர்ப்புதான், ஆனா ஹைகோர்ட் வரைக்கும் போய் 'மறைஞ்சிருக்கு'ன்னு நிரூபிக்கிறதுக்கு பத்திரத்துலயே வெளிப்படையா ஒரு வரி எழுதிடலாம் இல்லையா.

நாங்க மனு போடவே இல்ல. அம்மா விடல. "பெத்த பிள்ளை மேல ஆர்டிஓ ஆபீஸ்ல போய் எழுதிக் கொடுக்கச் சொல்றியா"ன்னு ஒரே வார்த்தை. சட்டம் இருக்கு, ஆனா அதை எடுத்துப் பயன்படுத்த வேண்டியது ஒரு அம்மா. சட்டம் எழுதுனவங்க அந்த இடத்தை யோசிச்சாங்களான்னு தெரியல.

சரி, வீடு போச்சு, அப்பாகிட்ட டெபாசிட் இருந்துச்சே. இருந்துச்சு. ரிட்டயர்மென்ட் பணம் மொத்தத்தையும் ஒரு பேங்க்ல எஃப்டி போட்டு வெச்சிருந்தார், அவர் பேர்ல மட்டும். அம்மா நாமினி. "நாமினி போட்டாச்சு, ஒண்ணும் கவலை இல்ல"ன்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டு இருந்தவர். நாமினிங்கிறது ஆள் இறந்த பிறகு பணத்தை வாங்குறதுக்கு. உயிரோட படுத்திருக்கிறவர் பணத்துல நாமினிக்கு ஒரு ரூபா கூட உரிமை கிடையாது. இது எங்களுக்கு பேங்க் கவுண்டர்ல நின்னப்பதான் உறைச்சுது.

முதல் மூணு வருஷம் சமாளிச்சோம். வலது கை போச்சே தவிர அப்பாவுக்கு நினைவு தெளிவா இருந்துச்சு. கையெழுத்து போட முடியாதவங்ககிட்ட பெருவிரல் ரேகை வாங்கலாம், அதுவும் முடியலைன்னா கால் விரல் ரேகை கூட வாங்கலாம், ரெண்டு சாட்சி வேணும், அதுல ஒருத்தர் பேங்க் அதிகாரியா இருக்கணும்னு ரிசர்வ் பேங்க் விதியே இருக்கு. முதல்ல முடியாதுன்னு சொன்னாங்க, அந்த விதியைப் பிரிண்ட் எடுத்துட்டுப் போய் காட்டுன பிறகு ஒரு ஆபீசர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷன். கட்டில் பக்கத்துல உக்காந்து, "சார், எதுக்குப் பணம் எடுக்கிறீங்கன்னு தெரியுமா"ன்னு கேட்டார். அப்பா திக்கித் திக்கி "எனக்குத்தான்"னார். ஆபீசர் சிரிச்சுட்டார். மை பேடை அப்பாவோட இடது கட்டை விரல்ல அக்கா தடவி, ஃபார்ம் மேல வெச்சு அமுக்குனா. அப்புறம் அந்த மையைத் துடைக்க தேங்கா எண்ணெய் போட்டுத் தேய்ச்சா, முழுசா போகல, ரெண்டு நாள் நீலமாவே இருந்துச்சு.

2020 கடைசியில அப்பாவுக்கு நினைவு தப்ப ஆரம்பிச்சிடுச்சு. எங்களையே யாருன்னு கேக்க ஆரம்பிச்சார். அதே ஆபீசர் மறுபடி வந்தார், அதே கேள்வியைக் கேட்டார், அப்பா ஜன்னலைப் பாத்துட்டு இருந்தார். ஆபீசர் மை பேடைத் திறக்கவே இல்ல. அவரைக் குத்தம் சொல்ல முடியாது.

பவர், அதாவது அவருக்காக இன்னொருத்தர் கையெழுத்து போடலாம்ங்கிற அதிகாரப் பத்திரம், எழுதி வாங்கியிருக்கலாமேன்னு கேப்பீங்க. வாங்கியிருந்தோம்! முதல் வருஷமே எனக்கு ஒரு பவர் கொடுத்திருந்தார். ஆனா 1872ல போட்ட இந்திய ஒப்பந்தச் சட்டம் 201ஆவது பிரிவு என்ன சொல்லுதுன்னா, கொடுத்தவர் இறந்தாலும் சரி, புத்தி சுவாதீனம் போனாலும் சரி, பவர் அதோட முடிஞ்சுது. எப்ப அந்தப் பவர் ரொம்பத் தேவைப்படுதோ சரியா அந்த நேரம் பாத்து செத்துப் போகுது. சில நாடுகள்ல நினைவு போன பிறகும் நீடிக்கிற மாதிரி பவர் எழுதலாமாம், நம்ம ஊர்ல அது இல்ல. மிச்சம் இருக்கிற வழி ஹைகோர்ட்டுக்குப் போய், மெடிக்கல் ரிப்போர்ட் எல்லாம் வெச்சு, எங்கள்ல ஒருத்தரை கார்டியனா நியமிங்கன்னு ரிட் போடுறது. கோர்ட்டுகள் அப்படி நியமிச்சிருக்கு. மத்த வாரிசுங்க ஒத்துக்கிட்டு கையெழுத்து போட்டாத்தான் அது சுலபமா நடக்கும், அலையணும், செலவு பண்ணணும். அண்ணன் கையெழுத்து போடறேன்னான், அப்புறம் பாக்கலாம்னான், அப்புறம் போனை எடுக்கல.

ஆக, அப்பாவோட பணம் பேங்க்ல வட்டியோட வளந்துட்டே இருந்துச்சு, அப்பாவுக்கு வேணும்ங்கிற காசு எங்ககிட்ட இல்ல. நான் அனுப்புனது பாதிக்குத்தான் வந்துச்சு. 2022 தொடக்கத்துல அக்கா வேலையை விட்டா. நோட்டுல அட்டெண்டர் வரி நின்னது அங்கதான்.

ஒரு பேச்சுக்கு, அந்த எஃப்டியை அப்பா அம்மா ரெண்டு பேர் பேர்லயும் 'எய்தர் ஆர் சர்வைவர்'னு (ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர், இல்லன்னா உயிரோட இருக்கிறவர்) போட்டு, ரெண்டு பேர்ல யார் வேணா முன்கூட்டியே எடுக்கலாம்னு ஒரு கையெழுத்து வாங்கி வெச்சிருந்தா இது எதுவுமே நடந்திருக்காது. ஒரு ஃபார்ம். அவ்வளவுதான்.

ஹெல்த் இன்சூரன்ஸ் பத்தி சீக்கிரம் சொல்லிடறேன், இதுல நிறைய பேர் ஏமாறுறாங்க. பாலிசி ஆஸ்பத்திரில அட்மிட் ஆனா கொடுக்கும். வீட்ல படுத்த படுக்கையா இருக்கிறவரைத் திருப்பிப் போட்டு, குளிப்பாட்டி, ஊட்டிவிட வர்ற ஆளுக்கு மாசாமாசம் கொடுக்காது. 70 வயசு தாண்டுன எல்லாருக்கும் வருமானம் பாக்காம 5 லட்சம் வரைக்கும் ஆயுஷ்மான் காப்பீடுன்னு 2024 அக்டோபர்ல கொண்டு வந்தாங்களே, அதுவும் ஆஸ்பத்திரிக்குத்தான். வேணாம்னு சொல்லல, கண்டிப்பா எடுத்து வைங்க, ஆனா எங்க நோட்டுல ஆஸ்பத்திரிச் செலவு நாலு பக்கம் கூட வரல, மீதி பூரா வீட்டுச் செலவு.

அப்பா போன பிறகு எஃப்டி பணம் நாமினிங்கிற முறையில அம்மா கைக்கு வந்துச்சு. ஒரு மாசம் கழிச்சு அண்ணன் வந்து என் பங்கு எங்கன்னு கேட்டான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்ல, ஆனா விசாரிச்சா சட்டப்படி அவன் கேட்டது சரி. நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டிய ஆள், அவ்வளவுதான், சொந்தக்காரர் இல்ல. பேங்க் டெபாசிட்டுக்கு சுப்ரீம் கோர்ட் 2010லயே இதைச் சொல்லிடுச்சு, கம்பெனி ஷேருக்கு 2023 டிசம்பர்ல. (இன்சூரன்ஸ் மட்டும் 2015 திருத்தத்துக்கு அப்புறம் வேற, மனைவி, பிள்ளை, பெத்தவங்களை நாமினியா போட்டா அவங்களுக்கே சொந்தம்.) அப்பா உயில் எழுதல, அதனால இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவியும் மூணு பிள்ளைகளும் ஆளுக்கு சமமா ஒரு பங்கு. பாட்டி உயிரோட இருந்திருந்தா அவங்களுக்கும் ஒண்ணு. வீடு வாங்குன அண்ணனுக்கும் நாலுல ஒண்ணு, 6 வருஷம் 'நான்' எழுதுன அக்காவுக்கும் நாலுல ஒண்ணு. சட்டத்துக்கு நோட்டு படிக்கத் தெரியாது. இப்ப 2025 நவம்பர்லருந்து பேங்க்ல நாலு நாமினி வரைக்கும் போடலாம்னு மாத்தியிருக்காங்க, நல்லதுதான், ஆனா நாமினி நாமினிதான்.

அக்கா நோட்டை வெச்ச அன்னிக்கு நடந்த சண்டையை எழுதப் போறதில்ல.

அம்மாவுக்கு இப்ப 73. இந்தத் தடவை வேற மாதிரி பண்ணணும்னு உக்காந்தோம், ஆச்சரியம் என்னன்னா ஆரம்பிச்சதே அம்மாதான். "உங்கப்பா மாதிரி நான் படுத்தா"ன்னு அவங்களே வாயைத் திறந்தாங்க. அதுக்கப்புறம் எல்லாம் லேசாயிடுச்சு.

அம்மா பேர்ல ஒரு சின்ன வீடு இருக்கு. அதை இப்ப யாருக்கும் எழுதிக் கொடுக்கிறதில்லன்னு முடிவு. அம்மா பங்குப் பணத்துல பெரும்பகுதி மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துல போட்டாச்சு, 30 லட்சம் வரைக்கும் போடலாம், மூணு மாசத்துக்கு ஒரு தடவை வட்டி வருது, 5 வருஷம், அப்புறம் நீட்டிக்கலாம். மிச்சம் அக்காவோட சேத்து ஜாயின்ட் அக்கவுன்ட், அவசரத்துக்கு எடுக்க. அது அக்காவுக்குன்னு கொடுத்த பணமா இல்ல எடுக்கிற வசதிக்கா போட்டதான்னு பின்னாடி கேள்வி வரும், அதனால உயில்ல அதுக்கு ஒரு வரி.

வட்டி பத்தாமப் போனா வீடு இருக்கு. ரிவர்ஸ் மார்ட்கேஜ்னு 2007லருந்தே இருக்கு, யாரும் அதிகம் போறதில்ல. 60 தாண்டுனவங்க தான் குடியிருக்கிற சொந்த வீட்டை பேங்க்ல அடமானம் வெச்சா பேங்க் மாசாமாசம் பணம் தரும், 20 வருஷம் வரைக்கும். திருப்பிக் கட்ட வேண்டாம், வீட்லயே இருக்கலாம், அந்தப் பணத்துக்கு வருமான வரியும் இல்ல. காலத்துக்குப் பிறகு வாரிசு கடனை அடைச்சு வீட்டை மீட்டுக்கலாம், இல்லன்னா பேங்க் வித்து தனக்குச் சேர வேண்டியதை எடுத்துக்கிட்டு மீதியை வாரிசுக்குக் கொடுத்துடும். இதை அம்மாகிட்ட விளக்குனேன். ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "அப்ப நான் இந்த வீட்டைத் தின்னுட்டுப் போகணுமா"ன்னாங்க.

ஆமாம்மா, தின்னுங்கன்னேன். உங்க வீடு, உங்களுக்குச் சோறு போடட்டும், மிச்சம் இருந்தா நாங்க பாத்துக்கிறோம். அம்மாவுக்கு அது பிடிக்கல. பிள்ளைங்களுக்கு ஒண்ணுமே வெக்காமப் போறதுங்கிறது அவங்க தலைமுறைக்கு ஏதோ கடன் வெச்சிட்டுப் போற மாதிரி. இன்னும் அதுல கையெழுத்து போடல, தேவைப்பட்டா பாக்கலாம்னு இருக்கோம்.

உயில் மட்டும் எழுதியாச்சு. உயிலுக்கு ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாம், வெள்ளைத் தாள் போதும். ரெண்டு சாட்சி, அம்மா கையெழுத்து போடறதை அவங்க கண்ணால பாத்து அவங்களும் போடணும். பயனடையிற ஆளை சாட்சியா வெக்காதீங்கன்னு வக்கீல் சொன்னார், அதனால பக்கத்து வீட்டு சார் ஒருத்தர், அம்மாவைப் பாக்கிற டாக்டர் ஒருத்தர். டாக்டர் சாட்சின்னா புத்தி தெளிவா இருந்துச்சான்னு நாளைக்கு யாரும் சுலபமா இழுக்க முடியாது. ரிஜிஸ்டர் பண்றது கட்டாயமில்ல, ஆனா பண்ணோம். போக முடியாதவங்கன்னா சப் ரிஜிஸ்ட்ரார் வீட்டுக்கே வந்து பதிவு பண்ண சட்டத்துல வழி இருக்கு, அம்மா நானே வர்றேன்னு புடவை மாத்திக்கிட்டு கிளம்பிட்டாங்க. கூடவே வென்டிலேட்டர், ட்யூப் எல்லாம் எது வேணும் வேணாம்னு ஒரு மருத்துவ உயிலும் எழுதி நோட்டரிகிட்ட கையெழுத்து வாங்குனோம். 2018ல சுப்ரீம் கோர்ட் அனுமதிச்சது, 2023ல நடைமுறையை எளிதாக்கிட்டாங்க. அப்பாவுக்கு மூக்குல ட்யூப் போட்டப்போ யார் முடிவெடுக்கிறதுன்னு ஆஸ்பத்திரி வராந்தாவுல நாங்க நின்ன நிலை அம்மாவுக்கு ஞாபகம் இருக்கு.

உயில்ல அக்காவுக்கு ஒரு பங்கு கூட. ஏன்னு காரணத்தையும் எழுதச் சொன்னாங்க அம்மா, "என்னையும் என் கணவரையும் உடனிருந்து பராமரித்ததற்காக"ன்னு. எழுதுறவர் சம்பிரதாயமா 'அன்பினாலும் பாசத்தினாலும்'னு ஆரம்பிச்சார், அம்மா நிறுத்தி, "அது மூணு பேர் மேலயும் இருக்கு, அதை எடுங்க"ன்னாங்க.

போன மாசம் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா புது நோட்டு போட்டிருக்கா. அம்மா பேர் எழுதி, முதல் வரில கைத்தடிக்கு ரப்பர் புஷ். ரெண்டாவது வரில கண் டாக்டருக்கு ஆட்டோ. மூணாவது வரி, அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து மூணு நாள் படுத்திருந்தப்போ எழுதுனது, 'நான்'. அதுக்குப் பக்கத்துல நடுங்குன எழுத்துல, வேற பேனாவுல, அம்மா ஒரு தொகை எழுதியிருந்தாங்க. அக்கா அதை அடிச்சிருந்தா. அம்மா அதுக்குக் கீழ திரும்ப எழுதியிருந்தாங்க, இந்தத் தடவை வட்டி வந்த தேதியையும் சேத்து.